கடைசிப் படியைக் குழந்தையிடம் கொடுங்கள்: தானாகச் சாப்பிடவும் குளிக்கவும் உடுத்தவும் பழக்கும் வழி

ஜூன் மாதம், எல்.கே.ஜி. வகுப்பின் முதல் வாரம். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் பதினெட்டு வருடமாகப் பார்த்துவரும் காட்சி ஒன்று உண்டு. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி நாலைந்து குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஊட்டுகிற கைக்காகக் காத்திருப்பார்கள். பசி இருக்கும், எதிரே இட்லி இருக்கும், ஆனால் கை மட்டும் நகராது. அந்தக் கைகளில் எந்தக் குறையும் இல்லை. அதுவரை யாரும் அவற்றிடம் வேலை வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

பெற்றோரைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. ஏழரை மணிக்கு வேன் வாசலில் நிற்கும் வீட்டில், குழந்தை தானே ஜட்டி போடும்வரை காத்திருக்க யாருக்கும் முடியாது. எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால்தான் அன்றைய காலை நகரும். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: காலை அவசரத்தில் எதையும் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். சாயங்கால விளையாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அதற்கு ஏற்றவை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலை. அது கைவந்த பிறகே அடுத்தது.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளை வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காகவும், பகல் முழுக்கப் பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பின்னாலிருந்து முன்னால்

டவுசர் போடுவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. குழந்தைக்கு அது ஐந்தாறு வேலை. எது முன்பக்கம் என்று பார்க்க வேண்டும், உட்கார வேண்டும், ஒரு கால், இன்னொரு கால், முழங்கால்வரை இழுப்பது, எழுந்து நின்று இடுப்புவரை ஏற்றுவது.

நாம் வழக்கமாக முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறோம். "காலை விடு பார்க்கலாம்" என்கிறோம். இரண்டு காலையும் ஒரே ஓட்டையில் விட்டுவிட்டுக் குழந்தை சிணுங்கும். நாம் பிடுங்கிப் போட்டுவிடுவோம். தினமும் இப்படியே நடந்தால், 'நான் தொடங்குவேன், அம்மா முடிப்பாள்' என்பதுதான் அதன் மனதில் பதியும்.

இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். முழங்காலுக்கு மேல்வரை நீங்களே ஏற்றிவிடுங்கள். இடுப்புக்கு இழுக்கும் அந்தக் கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். இழுத்ததும் வேலை முடிந்துவிடும். முடித்தது யார்? குழந்தை. அந்த முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். நாலைந்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு காலை மட்டும் நுழைத்துவிட்டு மற்றதைக் குழந்தையிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆனால் எந்த நாளிலும் குழந்தை தோற்று நிற்காது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களும் காலம்காலமாகக் கையாளும் முறை இது. வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். என் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பலித்திருக்கிறது.

கூடவே கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று: கை வேலை செய்துகாட்டும்போது வாய் பேசக்கூடாது. "இப்படிப் பிடி, இல்ல இல்ல, அந்தக் கை, பாரு இங்க" என்று பேசிக்கொண்டே காட்டினால், குழந்தை நம் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது. மெதுவாக, மௌனமாக ஒரு முறை செய்துகாட்டிவிட்டு, "இப்ப நீ" என்றால் போதும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, கை கழுவுவது, தலை வாருவது, பொத்தான் போடுவது போன்ற வேலைகளுக்குத்தான் பாடத்தில் முக்கிய இடம் கொடுத்தார். குறைவாகப் பேசி நிதானமாகச் செய்துகாட்ட வேண்டும் என்பது அவர் ஆசிரியர்களிடம் வற்புறுத்திய விஷயம். 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார், கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். நம் ஊர் மழலையர் பள்ளிகளில் தாழ்வான அலமாரியும் சின்னச் சின்ன நாற்காலியும் இருப்பதற்குப் பின்னால் அவருக்கும் பங்கு உண்டு.

வீட்டிலும் அதுதான் முதல் ஏற்பாடு. குழந்தையின் நெஞ்சு உயரத்தில் ஒரு கொக்கி, அதில் அதன் சின்னத் துண்டு. வாஷ்பேசினுக்கு முன் ஆடாத ஒரு முக்காலி. அரை லிட்டர் பிடிக்கும் சிறிய மக். அலமாரியின் கடைசித் தட்டில் அதன் துணிகள். எட்டாத உயரத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, "நீயே செய்" என்று சொல்வதில் நியாயமில்லை.

சாப்பாடு

ஒன்றரை வயதுக் குழந்தை மூடியில்லாத டம்ளரில் சிந்திச் சிந்திக் குடிக்கும், கையால் எடுத்து வாயில் வைக்கும், ஸ்பூனைப் பிடித்துப் பார்க்கும். இரண்டு வயதில் ஸ்பூனால் சாப்பிடப் பார்க்கும். அந்த ஆர்வம் வரும் நாட்களில் "எல்லாத்தையும் கொட்டிடுவ" என்று தடுத்துவிட்டால், நாலு வயதில் "நீயே சாப்பிடேன்" என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

எந்த உணவிலிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ரசம்சாதத்தைத் தட்டில் போட்டு, "அள்ளிச் சாப்பிடு" என்றால் பெரியவர்களுக்கே அது கையில் நிற்காது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இட்லித் துண்டு, வாழைப்பழ வில்லை, நன்றாக வெந்த கேரட். அடுத்து, பிய்த்துச் சாப்பிடும் தோசையும் ஆப்பமும். பிறகு, குழைய வடித்துப் பிசைந்த தயிர்சாதம். அது விரலில் ஒட்டும், அதனால் நழுவாது. தயிர்சாதம் கைவந்தபின் பருப்புசாதம், அதற்கும் பிறகு சாம்பார்சாதம். ரசம் கடைசியில் வரட்டும், அவசரமில்லை.

சாதத்துக்கும் கடைசிப் படி உண்டு. நீங்கள் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வையுங்கள். எடுத்து வாயில் போடுவது மட்டும் குழந்தையின் வேலை. ஒரு வாரம் போனதும், கால்வாசி உருட்டிய சாதக் குவியலை வையுங்கள், குழந்தையே கூட்டி எடுக்கட்டும். பிறகு ஐந்து விரலையும் குவித்து, வாயருகே கொண்டுபோய், கட்டைவிரலால் உள்ளே தள்ளுவது எப்படி என்று எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டுக் காட்டுங்கள். நாம் கட்டைவிரலால் தள்ளுகிறோம் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும். குழந்தையோ உள்ளங்கையோடு வாயில் அப்பிக்கொள்ளும், பாதி கீழே விழும். அந்தக் கட்டைவிரல் அசைவைக் காட்டிக்கொடுத்த மறுநாளே பல குழந்தைகள் சிந்தாமல் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டி இருக்கும் வீடுகளில் ஒரு சங்கடம் வரும். ஊட்டுவது பாட்டியின் பிரியம். அதைப் பறித்தால் பாட்டிக்கும் வருத்தம், பேரனுக்கும் வருத்தம். உருண்டை உருட்டும் வேலையைப் பாட்டியிடம் கொடுங்கள். உள்ளங்கையில் வாங்கிக் குழந்தை தானே வாயில் போட்டுக்கொள்ளட்டும். மொட்டைமாடி நிலாச்சோற்றில் நாமெல்லாம் அப்படித்தானே கையை நீட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தோம்.

இன்னும் சில நடைமுறைகள். விளிம்பு உயர்ந்த தட்டாக வாங்குங்கள். முதலில் இரண்டே கரண்டி போடுங்கள், தீர்ந்தபின் கேட்டு வாங்கட்டும். பசியோடு இருக்கும் முதல் பத்து நிமிடம் தானாகச் சாப்பிடும் நேரம், அதற்குப் பின் சோர்ந்தால் மிச்சத்தை ஊட்டிவிடலாம், தப்பில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் தட்டை வைத்திருக்க வேண்டாம். போனைக் காட்டி ஊட்டுவதை மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும். கண் திரையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும், கை செத்துக் கிடக்கும். கீழே நியூஸ்பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். சிந்தியதைத் துடைக்கக் குழந்தைக்கென்று ஒரு சின்னத் துணி கொடுங்கள். அது தண்டனையாக இருக்கக்கூடாது, சாப்பாட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டே சாப்பிடக்கூடாது. ஐந்து வயதுவரை முழு வேர்க்கடலை, கொண்டைக்கடலை வறுவல், உருண்டையான மிட்டாய் கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே கொடுங்கள். இவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

பள்ளிக்குப் போகப்போகிற குழந்தை என்றால், இரண்டு வாரம் முன்பே அதன் சொந்த டிபன் பாக்ஸிலும் தண்ணீர் பாட்டிலிலும் வீட்டில் சாப்பிடப் பழக்குங்கள். மதிய நேரத்தில் வகுப்பில் நடக்கும் அழுகையில் பாதிக்கு மூடி திறக்க முடியாததுதான் காரணம். நான்கு பக்கமும் கிளிப் போட்ட அழகான டப்பாவைவிட, பெருவிரலால் தள்ளினால் திறக்கும் சாதாரண எவர்சில்வர் டப்பா மேல். கடையிலேயே குழந்தை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

அங்கன்வாடிக்குப் போய்வந்த குழந்தைகள் என் வகுப்புக்கு வரும்போது பெரும்பாலும் தாங்களே சாப்பிடுகிறார்கள். பத்துப் பேரோடு வரிசையில் உட்கார்ந்து, தட்டில் விழுந்ததைத் தானே சாப்பிட்டுப் பழகியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் தொடங்கியது. சத்துணவுத் திட்டம் 1982-இல் விரிவானது. 2022-இல் காலை உணவுத் திட்டமும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சேர்ந்தது. சக குழந்தையைப் பார்த்துச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய பாடம் என்பதை அந்தப் பந்திகளில் பார்க்கலாம். ஒற்றைக் குழந்தை உள்ள வீட்டில், வாரம் ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு சேர்த்து உட்கார வையுங்கள்.

ஒண்ணுக்கும் ரெண்டுக்கும்

எந்த வயதில் பழக்குவது என்று கேட்பவர்களிடம் நான் வயதைச் சொல்வதில்லை, அறிகுறிகளைச் சொல்கிறேன். இரண்டு மணி நேரமாவது ஜட்டி ஈரமாகாமல் இருக்கிறதா? வரும்போது சொல்கிறதா, அல்லது திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறதா? "செருப்பை எடுத்துட்டு வந்து இங்க வை" போன்ற இரண்டு படிச் சொல்லைப் புரிந்துகொள்கிறதா? இவை இருந்தால் குழந்தை தயார். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இது வரும். அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்றரை வயதில் பழகிவிட்டது என்பதற்காக உங்கள் குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள்.

நம் பாட்டிமார் கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பிப் பழக்குவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே நேரத்தைக் கவனிப்பது பெரியவர். 'எனக்கு வருகிறது' என்று குழந்தையே உணர்ந்து சொல்வது அதற்கு அடுத்த கட்டம். இரண்டையும் ஒன்று என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

1. ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். ஒண்ணுக்கு, மூச்சா, கக்கா, எதுவாக இருந்தாலும் வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள். பள்ளி ஆயாம்மாவுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் ஒரு குழந்தை "சூச்சூ" என்று அரைமணி நேரம் சொல்லியும் ஆயாம்மாவுக்குப் புரியாமல், கடைசியில் நின்ற இடத்திலேயே போய்விட்டு அழுதது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

2. வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் டயப்பரைக் கழற்றிவிடுங்கள். டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், போய்விட்டது என்பதே குழந்தைக்குத் தெரியாது. பருத்தி ஜட்டியும் எலாஸ்டிக் டவுசரும் போதும். நாடா, ஊக்கு, பெல்ட் எதுவும் வேண்டாம்.

3. எழுந்ததும், சாப்பிட்டுக் கால்மணியிலிருந்து அரைமணிக்குள், வெளியே கிளம்பும்முன், தூங்கப்போகும்முன் உட்காரவையுங்கள். வயிறு நிறைந்ததும் குடல் அசையும், உடம்பின் இயல்பு அது. அதனால் சாப்பாட்டுக்குப் பின்னான நேரம்தான் நல்ல நேரம். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம்.

4. கால் ஊன்றியிருக்க வேண்டும். இந்தியக் கழிப்பறையில் உள்ளே விழுந்துவிடுவோமோ என்று குழந்தை பயப்படும். ஆரம்பத்தில் நீங்கள் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் என்றால் குழந்தைக்கான சின்ன சீட்டும் காலுக்கு ஒரு முக்காலியும் தேவை. கால் அந்தரத்தில் தொங்கினால் முக்கவே வராது.

5. கழுவும் பழக்கத்தைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள். நீங்கள் தண்ணீர் ஊற்ற, குழந்தை இடது கையால் கழுவட்டும். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாக என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் போகாமல் இருக்க அதுதான் வழி. சுத்தமாகத் தானே கழுவிக்கொள்ள ஐந்து ஆறு வயதுகூட ஆகலாம், அதுவரை கடைசியில் ஒரு முறை நீங்கள் பாருங்கள்.

6. தண்ணீர் ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணும் நேரம் தேய்க்க வேண்டும். விரல் இடுக்கும் நகக்கண்ணும் மறக்கக்கூடாது.

தரையில் போய்விட்டால்? "ஈரமாயிடுச்சு, வா மாத்திக்கலாம்." இவ்வளவுதான். திட்டினாலோ எல்லோர் முன்னும் சொல்லிச் சிரித்தாலோ சில குழந்தைகள் அடக்கிக்கொள்ள ஆரம்பிக்கும். அடக்கினால் மலம் இறுகும். இறுகினால் போகும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட குழந்தைகளை வெளியே கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே மலச்சிக்கல் இருக்கிறது என்றால், பழக்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இரவில் படுக்கையை நனைப்பது வேறு விஷயம். பகலில் பழகிவிட்ட குழந்தைகூட ஐந்து வயதுவரை, சில சமயம் அதற்குப் பின்னும், இரவில் நனைக்கலாம். உடம்பு பக்குவப்பட வேண்டிய விஷயம் அது, பழக்கக் குறைவோ சோம்பேறித்தனமோ இல்லை. ரப்பர் ஷீட் விரித்துவிட்டு அமைதியாக இருங்கள்.

பல்

இந்த ஒரு வேலையில் மட்டும் கடைசிப் படி பெரியவரிடமே இருக்க வேண்டும். குழந்தை முதலில் தேய்க்கட்டும், பிறகு பிரஷை வாங்கி நீங்கள் ஒரு சுற்றுத் தேய்த்து முடியுங்கள். ஏழு எட்டு வயதுவரை பின்பற்களைச் சரியாகத் தேய்க்கும் கைப்பழக்கம் குழந்தைக்கு வராது. பால்பல் விழப்போகிறதுதானே என்று விட்டுவிடக்கூடாது. ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். எதுவும் விழாமல் வருவதால் பல பெற்றோருக்கு அது நிரந்தரப் பல் என்றே தெரிவதில்லை.

மூன்று வயதுக்குள் ஃப்ளூரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம், குழந்தை விழுங்கிவிடும். துப்பக் கற்றுக்கொடுப்பதற்குப் பேஸ்ட் தேவையில்லை. தோட்டத்துச் செடிக்கு முன்னால் வாயில் தண்ணீரை வைத்து யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி வையுங்கள், இரண்டு நாளில் வந்துவிடும். காலைத் துலக்கலைவிட இரவுத் துலக்கல் முக்கியம். அதற்குப்பின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

குளியல்

வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் வெந்நீர். நீங்கள் திரும்பும் ஒரு நொடியில் குழந்தை கையை விட்டாலும் சுட்டுக்கொள்ளாது. முழங்கையால் சூட்டைப் பாருங்கள். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். சின்னக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. ஐந்து வயதுவரை குளியலறையில் தனியாக விட்டுவிட்டு போன் எடுக்கக்கூட வெளியே வரக்கூடாது.

பழக்குவதற்கு வயிறும் காலும் நல்ல ஆரம்பம், குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் இடங்கள். சோப்பு வழுக்கும் என்பதால், சோப்பு தேய்த்த சின்னத் துணியைக் கையில் கொடுங்கள். அடுத்து கை, அக்குள், கழுத்து. முதுகும் தலையும் வெகுநாள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கும். துடைத்துக்கொள்ளும்போது, "முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி" என்று இடத்தின் பெயர் சொல்லுங்கள்.

குளியலறைதான் உடல் பாதுகாப்பைப் பேசவும் சரியான இடம். அந்தரங்க உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக்கொடுங்கள். "இதை நீயே கழுவிக்கணும். அம்மா சுத்தம் பண்ணணும்னா உன்கிட்ட கேட்டுட்டுத்தான் தொடுவேன். டாக்டர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ கூட இருக்கணும். வேற யாராவது தொட்டா, ரகசியம்னு சொன்னாலும் என்கிட்ட சொல்லிடணும்." இதைப் பயமுறுத்தாமல், சோப்புப் போடும் குரலிலேயே சொல்லலாம். தானாகக் கழுவிக்கொள்ளத் தெரிந்த குழந்தைக்கு, பிறர் கை அங்கே வருவதற்குக் காரணமே இல்லை என்பது தெளிவாகப் புரியும். சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், இலவசம்.

உடை

போடுவதற்குமுன் கழற்றப் பழக்குங்கள், அது சுலபம். தொப்பி, சாக்ஸ், தளர்ந்த டவுசர் ஆகியவற்றை இரண்டரை வயதிலேயே கழற்ற வரும். தளர்ந்த உடையைப் போடுவது மூன்று வயதை ஒட்டி. பொத்தானைக் கழற்றுவது நான்கில், போடுவது ஐந்தில். இந்தக் கணக்கு சில மாதம் முன்பின் ஆகலாம்.

டி-ஷர்ட்டைப் படம் போட்ட பக்கம் கீழே இருக்கும்படி கட்டிலில் விரியுங்கள், அடிப்பகுதி குழந்தையின் பக்கம். அடியில் கையை விட்டு, சுரங்கத்துக்குள் நுழைவதுபோல் கைகளை ஓட்டை தேடி நீட்டச் சொல்லுங்கள், பிறகு தலை. தலையை நீங்கள் நுழைத்து, கீழே இழுத்துவிடும் வேலையை மட்டும் முதலில் குழந்தைக்குக் கொடுங்கள்.

பொத்தானுக்கு அப்பாவின் பழைய சட்டையைத் தலையணைக்குப் போட்டுவிடுங்கள். குழந்தை எதிரே உட்கார்ந்து போட்டுக் கழற்றி விளையாடலாம். மாண்டிசோரி வகுப்புகளில் இதற்கென்றே மரச்சட்டத்தில் துணி கட்டியிருப்பார்கள், தலையணையும் அதே வேலையைச் செய்யும். தன் சட்டையில் பழகும்போது அடிப்பொத்தானிலிருந்து மேலே வரட்டும். கழுத்துப் பொத்தான் அதன் கண்ணுக்கே தெரியாது.

டி-ஷர்ட் முன்பின் மாறியிருந்தால் மாற்றாதீர்கள். கடைக்குப் போய்வரும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். குழந்தை பெருமையாகச் செய்துமுடித்ததை உடனே அவிழ்த்துத் திருப்பிப் போடுவது மாதிரி அதன் மனதைச் சுருக்குவது வேறில்லை. "நீயே இழுத்துப் போட்டுட்டியே" என்று செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள். அடுத்த முறை போடும்முன், "லேபிள் முதுகுப் பக்கம்" என்று ஒரு வார்த்தை போதும்.

ஷூவுக்கு ஒரு ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு பாதியாக உள்ளே ஒட்டுங்கள். படம் சேர்ந்தால் இடது வலது சரி. லேஸ் கட்டுவதற்கு ஆறு வயது ஆகலாம், அதுவரை வெல்க்ரோ வாங்குங்கள். மூக்குச் சீந்த, மேசையில் ஒரு சின்னப் பஞ்சை வைத்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஊதித் தள்ளச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் ஒன்று. பெண் குழந்தை நாலு வயதில் தன் தட்டைக் கழுவப் போட்டுவிடுகிறது, அதே வீட்டில் ஏழு வயது அண்ணனுக்கு அம்மா ஊட்டிக்கொண்டிருக்கிறாள். மேலே சொன்ன ஒவ்வொரு வரியும் பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

வராதபோது

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால், பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன் உடம்பைப் பாருங்கள். மூன்று வயதிலும் மென்று விழுங்கச் சிரமப்படுகிறது, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது, தண்ணீரோ துணியோ மேலே பட்டாலே அலறுகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறது என்றால் தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கே பரிசோதனையும் தெரபியும் இலவசம். வழி தெரியாவிட்டால் அங்கன்வாடி ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

தம்பியோ தங்கையோ பிறந்ததும், வீடு மாறியதும், ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பின்னும் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் பின்வாங்கும். தானாகச் சாப்பிட்டவள் ஊட்டச் சொல்வாள், பழகியவன் ஜட்டியை நனைப்பான். இரண்டு நாள் ஊட்டிவிடுங்கள். மூன்றாம் நாள், தட்டின் ஓரத்தில் நாலு உருண்டையை உருட்டி வையுங்கள். எடுத்து வாயில் போடும் வேலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம், இந்த முறை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.